கடலோரக் காவலரின் துப்பாக்கிக்கு எந்த எண்ணெய்?

புதிதாகப் பணியில் சேர்ந்த காவலர்கள் நாலு பேர் கூடினால், துப்பாக்கிக்கு எந்த எண்ணெய் நல்லது என்ற பேச்சு எப்படியாவது வந்துவிடும். ஒருவர் டபிள்யூடி 40 ஸ்பிரே அடித்தால் போதும் என்பார். இன்னொருவர் வெளிநாட்டு வீடியோவில் பார்த்த ஒரு குப்பியின் பெயரைச் சொல்லி, அதற்கு மிஞ்சி எதுவும் கிடையாது என்பார். பக்கத்தில் நிற்கும் மூத்தவர், "அதெல்லாம் எதுக்கு மக்கா, ரெண்டு சொட்டு மெஷின் ஆயில் விட்டுத் துடை" என்று முடித்துவைப்பார்.

மூவரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத் தெரியும். ஆனால் முதலாமவர் பேசுவது ஈரத்தை விரட்டுவதைப் பற்றி. இரண்டாமவர் பேசுவது வழுவழுப்பைப் பற்றி. மூத்தவர் தன் பழக்கத்தைச் சொல்கிறார். துரு என்ற சொல் யார் வாயிலும் வரவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒரு சர்வீஸ் துப்பாக்கியைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான்.

ஆயுதப் பராமரிப்போடு நெடுநாள் பழகியவன் என்பதால் இந்தக் குழப்பம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. துப்பாக்கியைக் கையால் தொட்டே இராதவருக்கும் புரியும்படி, எண்ணெய் என்னதான் செய்கிறது என்பதை அடியிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் துப்பாக்கி நம் சொந்தப் பொருள் அல்ல. அதில் எதை விடலாம் என்று தீர்மானிப்பவர் ஆர்மரர், அதாவது ஆயுதங்களைப் பழுதுபார்க்கவும் பராமரிக்கவும் பயிற்சி பெற்றவர். தயாரிப்பாளரின் கையேடும் அவர் சொல்லும்தான் முதல். இந்தக் கட்டுரை அவர் சொல்வதன் காரணத்தைப் புரிந்துகொள்ள மட்டும்.

## தையல் மெஷினிலிருந்து தொடங்குவோம்

வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. மெஷின் ஆயில் தீர்ந்துபோன ஒரு நாளில், அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெயை விடுவார்கள். அன்றைக்கு மெஷின் நன்றாகவே ஓடும், சத்தம்கூடக் குறையும். பிறகு சில மாதங்கள் மூலையில் கிடந்துவிட்டு, பொங்கலுக்குத் துணி தைக்க எடுத்தால் சக்கரம் சுற்றாது. மெக்கானிக் திறந்து பார்த்தால் உள்ளே பழுப்பு நிறப் பசை, அதில் நூல் தூசி கம்பளம்போல ஒட்டியிருக்கும்.

துப்பாக்கிக்கு வேண்டிய பாதிப் பாடம் இதிலேயே இருக்கிறது. விட்ட அன்றைக்கு நன்றாக வழுக்கும் எண்ணெய், மாதங்கள் கழித்தும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. எண்ணெய் எங்கே ஈரமாக நிற்கிறதோ அங்கே தூசி வந்து சேரும்.

துப்பாக்கியில் கூடுதலாக இரண்டு சிக்கல். ஒன்று, உள்ளே நெருப்பு எரிகிறது. ஒவ்வொரு வெடிக்கும் கரியும், எரியாத மருந்துத் துகளும், தோட்டாவின் செம்பு உறையிலிருந்து உரசி வரும் உலோகப் பூச்சும் படிகின்றன. இன்னொன்று, காவலரின் துப்பாக்கி பெரும்பாலும் சுடுவதே இல்லை. பயிற்சிச் சுடுதல் நாட்களை விட்டால், மற்ற நாளெல்லாம் இடுப்பு உறையிலோ, பெல் ஆஃப் ஆர்ம்ஸ் என்ற ஆயுத அறையின் அடுக்கிலோ, பாரா நிற்பவரின் தோளிலோதான் இருக்கிறது. ஆனால் என்றைக்காவது ஒரு நாள் தேவைப்பட்டால், முதல் தடவையிலேயே இயங்கியாக வேண்டும். வாரம்தோறும் நூற்றுக்கணக்கில் சுடும் போட்டி வீரருக்குப் பொருந்தும் எண்ணெய் இந்தத் துப்பாக்கிக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்வதில்தான் முதல் தவறு நடக்கிறது.

## வழுக்குதல் என்றால் என்ன

9 மி.மீ. ஆட்டோ பிஸ்டலை எடுத்துக்கொள்வோம். பிரௌனிங் ஹை பவர் வடிவத்தை ஒட்டி இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்யப்படும் கைத்துப்பாக்கி இது. அதன் மேல்பாதி முன்னும் பின்னும் ஓடும். அதற்கு ஸ்லைடு என்று பெயர். தோட்டா வெடித்ததும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து, வெற்றுக் கேஸை, அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டை, வெளியே எறியும். ஸ்பிரிங் தள்ள முன்னால் வரும்போது, தோட்டாக்களை அடுக்கிவைத்திருக்கும் மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவை ஏற்றும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். ஸ்லைடு ஓடும் தண்டவாளம் போன்ற வரிப்பள்ளங்களுக்கு ரெயில் என்று சொல்வோம்.

கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும் எஃகும், நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். இரண்டு பரப்புகள் உரசும்போது இந்த மேடுகள் ஒன்றையொன்று இடித்துத் தேய்கின்றன. அதுதான் உராய்வு. நடுவில் எண்ணெய்ப் படலம் இருந்தால் மேடுகள் நேரடியாகத் தொடாது. இப்படி உராய்வைக் குறைக்கும் எந்தப் பொருளுக்கும் மசகு என்று பெயர். எண்ணெயும் மசகுதான், கிரீஸும் மசகுதான்.

எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதைக் குறிப்பது பாகுத்தன்மை. பாகுத்தன்மை அதிகமான எண்ணெய் கெட்டியாக இருக்கும், விட்ட இடத்தில் நிற்கும். குறைந்த எண்ணெய் நீர்போல ஓடி இண்டு இடுக்கெல்லாம் புகும், ஆனால் விட்ட இடத்தில் நிற்காது. கடுங்குளிர் நாடுகளில் எண்ணெய் உறைந்து துப்பாக்கி மந்தமாவது பெரிய பிரச்சினை என்பதால், அங்கிருந்து வரும் ஒப்பீடுகளில் பாதி இதைப் பற்றியே இருக்கும். நாகர்கோவிலில் நமக்கு அந்தக் கவலை இல்லை. அந்தப் பக்கங்களைத் தாண்டிப் படிக்கலாம்.

கார் எஞ்சினில் தண்டு நில்லாமல் சுழல்கிறது. அந்தச் சுழற்சியே எண்ணெயை இழுத்து வந்து உலோகத்துக்கு அடியில் திணித்து, தண்டைத் தூக்கி மிதக்க வைக்கும். ஸ்லைடு அப்படி அல்ல. சில சென்டிமீட்டர் ஓடி, நின்று, திரும்பும். மிதக்கவைக்கும் படலம் உருவாக நேரம் கிடையாது. ஆகவே உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும் மெல்லிய படலம்தான் இங்கே வேலை செய்கிறது. அதற்குக் கொஞ்சம் எண்ணெய் போதும். ஆனால் அந்தக் கொஞ்சம் அங்கேயே இருக்க வேண்டும்.

விளம்பர வீடியோக்களில் ஒரு கருவியைப் பார்த்திருப்பீர்கள். சுழலும் இரும்பு வளையத்தின் மேல் ஒரு பேரிங்கை அழுத்தி, எந்த எண்ணெயில் அது குறைவாகத் தேய்கிறது என்று காட்டுவார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும். ஆனால் அந்தக் கருவி தரும் அழுத்தம் கைத்துப்பாக்கியின் ரெயிலில் வருவதே இல்லை. போதாக்குறைக்கு, குளோரின் சேர்ந்த சில வேதிப்பொருட்களைக் கலந்தால் அந்தச் சோதனையில் எளிதாக முதலிடம் வாங்கிவிடலாம். அதே குளோரின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தை அரிக்கவும் கூடும். கடலோரக் காவல் நிலையத்துக்கு இதைவிடப் பொருந்தாத பரிந்துரை இருக்க முடியாது.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: வழுக்க வைப்பது கைத்துப்பாக்கியைப் பொறுத்தவரை கடினமான வேலை அல்ல, சுத்தமான எந்த நல்ல எண்ணெயும் அதைச் செய்துவிடும். எண்ணெய்களுக்கு நடுவே உள்ள உண்மையான வேறுபாடு அடுத்த பகுதியில்தான் தெரியவரும்.

## உப்பு செய்கிற வேலை

இரும்பு துருப்பிடிக்க ஆக்சிஜனும் நீரும் இருந்தால் போதும். துரு ஒரு மின்வேதி வினை. உலோகத்தின் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு, மேலே படிந்த நீர் வழியாக நுண்ணிய மின்னோட்டம் ஓடி, இரும்பு கரைந்து, ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பு நிறத் துகளாகிறது. தூய நீரில் மின்சாரம் சரியாக ஓடாது. உப்பு கலந்த நீரில் தாராளமாக ஓடும். கடலோரத்தில் துரு வேகமாகப் பரவுவதற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. அலை உடையும்போது நுண்ணிய திவலைகள் காற்றில் கலந்து, நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மிதந்து வந்து படிகிறது. காற்று எவ்வளவு நீராவியைத் தாங்க முடியுமோ அதில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பது ஒப்பு ஈரப்பதம். அது சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், சமையல் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் இருப்பதால், அதைவிடக் குறைந்த ஈரத்திலும் அது கசியும். முட்டத்திலோ குளச்சலிலோ இரவு நேரத்தில் 75 விழுக்காடு என்பது சாதாரணம். மழை வேண்டாம், அலை தெறிக்க வேண்டாம், துப்பாக்கியின் மேல் படிந்த உப்பே அதை நனைத்துவிடும். அறைக்குள்ளேயே வைத்திருந்த ஆயுதம் எப்படித் துருப்பிடித்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

வியர்வையும் உப்புநீர்தான், அதோடு லாக்டிக் அமிலமும் உண்டு. பந்தோபஸ்து முடிந்து வந்த கைத்துப்பாக்கியின் ஸ்லைடில், விரல் பட்ட இடத்தில் ரேகையோடு துரு வருவதைப் பார்க்கலாம். உடம்பை ஒட்டியிருக்கும் பக்கம் எப்போதும் மற்றப் பக்கத்தைவிட மோசமாக இருக்கும்.

இங்கேதான் பெரிய தவறான நம்பிக்கை ஒன்று இருக்கிறது. உப்பு படிந்த உலோகத்தின் மேல் நல்ல எண்ணெயைப் பூசிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். எண்ணெய் உப்பைக் கரைக்காது. உப்பின் மேல் எண்ணெய் பூசினால் உப்பும், அது பிடித்துவைத்த ஈரமும் எண்ணெய்க்கு அடியில் பத்திரமாக இருக்கும். மேலே பளபளப்பு, கீழே அரிப்பு. உப்பைக் கரைப்பது நீர்தான்.

பழைய .303 ரைஃபிள் காலத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தோட்டாவின் அடியில், ஊசி அடித்ததும் தீப்பொறி தரும் சிறு மூடிக்குப் பிரைமர் என்று பெயர். அந்தக் காலத்துப் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்தபின் பேரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு படியும். சமையல் உப்புக்கு அது நெருங்கிய உறவு. அதனால் சுட்டு முடித்ததும் பேரல் வழியே கொதிநீர் ஊற்றுவார்கள். கொதிநீர் உப்பைக் கரைத்துக் கொண்டுபோகும், சூடேறிய பேரல் தானாகவே விரைவில் காயும். அப்புறம்தான் பேரலுக்குள் விட்டு இழுக்கும் புல் த்ரூ கயிற்றில், சிந்தி என்று சொல்லும் துடைக்கும் துணித் துண்டைக் கோத்து இழுத்து, கடைசியில் எண்ணெய். நீரை இரும்புக்குள் ஊற்றுவதா என்று இன்றைக்குப் பலர் பதறுகிறார்கள். காரணம் தெரிந்து செய்த வேலை அது.

கன்னியாகுமரிப் பாறையில் நிற்கும் 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் இதே வரிசைதான். 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்ட அந்தச் சிலையைக் கடல் காற்றிலிருந்து காக்க அவ்வப்போது ரசாயனப் பூச்சு செய்கிறார்கள். பூச்சுக்கு முன்னால் காகிதக் கூழை அப்பி, கல்லுக்குள் இறங்கிய உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். உப்பு வெளியே வந்த பிறகே காப்புப் பூச்சு. கல்லானாலும் எஃகானாலும் இந்த வரிசையை மாற்ற முடியாது.

சரி, உப்பு நீங்கிய பிறகு எண்ணெய் எப்படித் துருவைத் தடுக்கிறது? வெறும் எண்ணெய்ப் படலம் நீரைக் கொஞ்ச நேரம் தடுக்கும், அவ்வளவுதான். ஈரம் மெல்ல ஊடுருவி உள்ளே வந்துவிடும். அதனால் நல்ல துப்பாக்கி எண்ணெயில் துருத்தடுப்பான் என்ற வேதிப்பொருளைச் சேர்க்கிறார்கள். அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனை. ஒரு முனை உலோகத்தைப் பற்றிக்கொள்ளும், மறுமுனை நீரை ஒதுக்கும். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் நெருக்கமாக நின்று உலோகத்தை மூடும்போது நீருக்கு இடம் கிடைப்பதில்லை. ஒரு குப்பிக்குக் கூடுதல் விலை கொடுப்பதானால், இதற்காகத்தான் கொடுக்க வேண்டும்.

துப்பாக்கியின் கறுப்பு நிறமே துருவைத் தடுக்கும் என்ற எண்ணமும் உண்டு. ப்ளூயிங் என்ற அந்தக் கருநீலப் பூச்சு தன்னளவில் அதிகம் தடுக்காது. அதற்கு எண்ணெயைப் பிடித்துவைக்கும் குணம் உண்டு. சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு இன்னும் நுண்துளைகள் உள்ளது, எண்ணெயை நன்றாக உறிஞ்சி வைக்கும். இரண்டிலும் பூச்சு பாதி, எண்ணெய் பாதி. எண்ணெய் காய்ந்துபோனால் மிச்சமிருப்பது நிறம் மட்டும்.

சுருக்கமாக: முதலில் உப்பை நீரால் நீக்க வேண்டும், பிறகு ஈரத்தை நீக்க வேண்டும், அதன் பிறகே துருத்தடுப்பான் உள்ள எண்ணெய்.

## குப்பிகளுக்குள் என்ன இருக்கிறது

ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு விலங்குக் கொழுப்பும் திமிங்கில எண்ணெயும்தான். அவை நாளாக நாளாகக் காறிப்போய் அமிலமாகும். பர்மாவில் பூமிக்கடியிலிருந்து கிடைத்த எண்ணெயிலிருந்து எடுத்த ரங்கூன் ஆயில் வந்தபோது அதற்குப் பெரிய மதிப்பு உண்டானது, ஏனென்றால் கனிம எண்ணெய் காறாது. இன்றைய மெஷின் ஆயில் அதன் வழித்தோன்றல்தான். சுத்திகரித்த மெல்லிய கனிம எண்ணெய், பசையாகாது, நன்றாக வழுக்கும். குறை என்னவென்றால் துருத்தடுப்பான் அதிகம் இருக்காது, மெல்லியது என்பதால் ஓடி வடிந்துவிடும். மூத்தவர் சொன்ன ரெண்டு சொட்டு தினமும் துடைப்பவருக்குப் பொருந்தும். மாதக்கணக்கில் அடுக்கில் நிற்கப்போகும் துப்பாக்கிக்கு, அதுவும் கடலோரத்தில், போதாது.

தேங்காய் எண்ணெய் நம்ம ஊர் எண்ணெய் என்ற பாசம் எனக்கும் உண்டு. ஆனாலும் துப்பாக்கியில் வேண்டாம். சுமார் 24 டிகிரியில் உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் குப்பிக்குள் வெள்ளையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோதையாறு மலைப் பக்கம் இரவு டூட்டி என்றால் சொல்லவே வேண்டாம். உறைந்த எண்ணெய்க்குள் ஊசி வேகமாக அடிக்க முடியாது. நாள்பட்டுக் காறும்போது வரும் கொழுப்பு அமிலம் பித்தளையையும் செம்பையும் பச்சைபிடிக்க வைக்கும். தோட்டாவின் கேஸ் பித்தளை என்பதை மறக்கக் கூடாது.

வண்டிக்கு ஊற்றும் புது எஞ்சின் ஆயில், வேறு எதுவும் கிடைக்காத நேரத்தில் கெடுதல் செய்யாது. வடித்தெடுத்த பழைய ஆயிலைத் தொடவே கூடாது. அதில் அமிலமும் கரியும் உலோகத் துகளும் கலந்திருக்கின்றன. மண்ணெண்ணெய் பழைய கிரீஸையும் பிசுக்கையும் கரைக்க உதவும். ஆனால் காய்ந்தபின் காப்பாக எதையும் விட்டுவைக்காது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு எண்ணெய் பூச மறந்தால், கழுவாமலே இருந்திருக்கலாம்.

டபிள்யூடி 40 பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், அந்த அளவுக்கு அது தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 1953-இல் சான் டியேகோவில் ராக்கெட் கெமிக்கல் கம்பெனி என்ற சிறு நிறுவனம், ராக்கெட் பாகங்களில் துரு வராமலிருக்க நீரை அகற்றும் திரவம் ஒன்றைத் தேடியது. நாற்பதாவது கலவை பலித்தது, பெயரில் உள்ள 40 அதுதான். அட்லஸ் ஏவுகணையின் மெல்லிய வெளித்தகட்டைக் காக்க அதைப் பயன்படுத்தினார்கள். நீரை விரட்டுவதற்காகவே பிறந்த பொருள் அது, அந்த வேலையை நன்றாகச் செய்கிறது. மழையில் நனைந்த துப்பாக்கியின் இடுக்குகளிலிருந்து ஈரத்தை வெளியேற்ற உதவும். ஆனால் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும் கரைப்பான். மிஞ்சுவது மிக மெல்லிய படலம். அதையே மசகாகவும், மாதக்கணக்கான காப்பாகவும் நம்பி, அடித்துவிட்டு உறைக்குள் வைத்துவிடுவதுதான் பிழை.

சிஎல்பி என்ற மூன்றெழுத்தைப் பல குப்பிகளில் பார்க்கலாம். சுத்தம் செய்தல், மசகு, காப்பு ஆகிய மூன்றையும் ஒரே திரவம் செய்யும் என்பது அதன் பொருள். அமெரிக்க ராணுவம் இதற்கென்று ஒரு தர அளவே வைத்திருக்கிறது. பிரேக்-ஃப்ரீ அதில் பெயர் பெற்றது. ஒரு நிலையத்துக்கு ஒரே குப்பி போதும் என்பது பெரிய வசதி. யார் எதை எங்கே விட்டார்கள் என்ற குழப்பம் வராது. மூன்றில் எதிலும் அது முதலிடம் இல்லை என்பதும் உண்மை. கெட்டிப்பட்ட கரியைத் தனிக் கரைப்பான் அளவுக்கு நீக்காது. ஆனாலும் காவல்துறைப் பயன்பாட்டுக்கு ஒன்றே ஒன்றைச் சொல் என்றால், தர அளவுக்கு உட்பட்ட சிஎல்பியைத்தான் சொல்வேன்.

ஜெர்மனியின் பாலிஸ்டால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டு ராணுவத்துக்காக உருவானது. உலோகம், மரம், தோல் மூன்றுக்கும் ஆகும்படி செய்தார்கள். நீரோடு கலந்தால் பால்போல ஆகும், இலேசான காரத்தன்மை உண்டு. உப்பு, வியர்வைக் கறை உள்ள இடங்களில் இந்தக் குணம் பயனுள்ளது. மரப் பிடி உள்ள பழைய ரைஃபிள்களுக்கும் நல்லது. வாசனை சிலருக்குப் பிடிக்காது.

கிரீஸ் என்பது எண்ணெயோடு லித்தியம் அல்லது கால்சியம் சோப்பைச் சேர்த்துக் கெட்டியாக்கியது. வடியாது, விட்ட இடத்தில் நிற்கும். கால்சியம் வகைகளை நீர் எளிதில் கழுவிக்கொண்டு போகாது என்பதால் படகு டூட்டியில் இருக்கும் ரைஃபிளின் உரசும் பரப்புகளுக்கு ஆர்மரர் அதைத் தேர்ந்தெடுக்கலாம். நுண்ணிய பாகங்கள் உள்ள இடத்தில் கிரீஸுக்கு இடமில்லை.

## எங்கே விடலாம், எங்கே விடக் கூடாது

துப்பாக்கி நின்றுபோவதற்கு எண்ணெய் இல்லாததைவிட, வேண்டாத இடத்தில் எண்ணெய் இருப்பதுதான் பல நேரம் காரணமாகிறது. க்ளாக் பிஸ்டலின் கையேடே சில சொட்டுகளுக்கு மேல் வேண்டாம் என்கிறது. ரெயிலில் ஒவ்வொரு சொட்டு, பேரலின் வெளிப்பக்கம் உரசும் இடத்தில் மெல்லிய பூச்சு, டிரிகரின் பாகங்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் ஒரு சொட்டு. அவ்வளவுதான்.

ஃபயரிங் பின், அதாவது பிரைமரை அடிக்கும் ஊசி, ஓடும் குழி உலர்ந்தே இருக்க வேண்டும். அதில் எண்ணெய் விட்டால் கரியும் தூசியும் சேர்ந்து குழைந்து, ஊசியின் வேகம் குறையும். டிரிகரை அழுத்தினால் டிக் என்ற சத்தம் மட்டும் வரும். மேகசினின் உள்பக்கமும் உலர்வாகவே இருக்கட்டும். தோட்டாவில் எண்ணெய் படவே கூடாது. எண்ணெய் பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். தோட்டா இருக்கும் அறை எண்ணெயாக இருந்தால், வெடிக்கும்போது கேஸ் சுவரைப் பற்றி நிற்காமல் பின்னால் அதிகமாகத் தள்ளும். பேரலின் உள்ளே, வைத்திருக்கும் காலத்தில் மெல்லிய எண்ணெய் வேண்டும். சுடுவதற்கு முன் உலர்ந்த சிந்தியால் துடைத்துவிட வேண்டும்.

எஸ்எல்ஆர், இன்சாஸ் போன்ற ரைஃபிள்களில் வெடியின் வாயுவே ஒரு பிஸ்டனைத் தள்ளி இயக்குகிறது. அந்த வாயுப் பகுதியும் சுடும்போது உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் இருந்தால் சூட்டில் வெந்து கல்போன்ற கரியாகிவிடும், சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

துரு முதலில் வரும் இடங்கள் வேறு. அங்கே பலரின் துணி போவதில்லை. பிடியின் பலகைகளுக்கு அடியில் வியர்வை இறங்கித் தேங்கும். குறிபார்க்க உதவும் பின் காட்சியும் ஸ்லைடும் சேரும் இடுக்கில் உப்பு தங்கும். பெல் ஆஃப் ஆர்ம்ஸில் ரைஃபிள்களை வரிசையாகச் சங்கிலி கோத்துப் பூட்டும்போது, டிரிகர் வளையத்தின் உள்பக்கத்தில் சங்கிலி உரசி உரசிப் பூச்சு போய்விடும். அந்த வளையத்தில் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாகப் பட்டால் துரு தொடங்கிவிட்டது. தோல் உறை வியர்வையையும், தோல் பதனிட்ட ரசாயனத்தையும் பிடித்து வைத்திருக்கும். இடுப்பில் இருக்கும்வரை சரி, இரவு வைக்கும்போது உறையை விட்டு வெளியே எடுத்துவிட வேண்டும்.

## ஒரே மாவட்டம், மூன்று காற்று

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரத்தில் எதிரி உப்பு. அங்கே துருத்தடுப்பான்தான் முதல் தகுதி. வெளிப்பரப்பை டூட்டி முடிந்த ஒவ்வொரு தடவையும் இலேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிலைமை தலைகீழ். முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று, மணலையும் தூசியையும் அள்ளி வருகிறது. எண்ணெயில் மணல் சேர்ந்தால் அது தேய்ப்பு மாவாக மாறி ரெயிலை அறுக்கும். இங்கே எண்ணெய் குறைவாகவும், துடைப்பது அடிக்கடியும் இருக்க வேண்டும். குளச்சலில் பணியாற்றியவர் மாற்றலாகி வந்து, பழைய பழக்கத்தில் ஈரம் சொட்டும்படி எண்ணெய் பூசினால் சிரமம்தான்.

பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் மழையும் ரப்பர் தோட்டத்து ஈரமும். உப்பு குறைவு, ஆனால் எதுவும் காயாது. ஈரத்தை வெளியேற்றிவிட்டு மறுபடி எண்ணெய் பூசுவதுதான் அங்கே முக்கிய வேலை. ஆயுத அறையில் சிலிக்கா ஜெல் வைத்திருந்தால், நீல மணிகள் இளஞ்சிவப்பாகிவிட்டனவா என்று பாருங்கள். நிறம் மாறியபின் அவை ஈரத்தை உறிஞ்சாது, சூடாக்கி உலர்த்தியோ மாற்றியோ ஆக வேண்டும்.

## நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க

எந்த எண்ணெய் நம் ஊருக்குத் தாங்கும் என்பதை விளம்பரத்தை நம்பாமல் பார்த்துவிடலாம். துப்பாக்கியே வேண்டாம். பட்டறையில் ஒரே இரும்புப் பட்டையிலிருந்து சிறு துண்டுகள் வெட்டி வாங்குங்கள். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, தின்னரால் துடையுங்கள், அதன்பின் விரல் படக் கூடாது. ஒவ்வொன்றிலும் ஒரு எண்ணெயைப் பூசி, துப்பாக்கியைத் துடைப்பதுபோலவே மிகுதியைத் துடைத்துவிடுங்கள். ஒரு துண்டை ஒன்றும் பூசாமல் விடுங்கள். நூலில் கட்டி, மழை படாத, கடல் காற்று வரும் இடத்தில் தொங்கவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். ஆய்வுக்கூடங்களில் 35 டிகிரி சூட்டில், 5 விழுக்காடு உப்புநீரை மூடுபனியாகத் தெளித்துச் செய்யும் சோதனையின் எளிய வடிவம்தான் இது.

வெறும் துண்டில் முதலில் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள் வரும், பிறகு அவை ஒன்றோடொன்று சேரும். மற்றவை எந்த வரிசையில் புள்ளி விடுகின்றன என்பதுதான் உங்கள் விடை. விளிம்புகளைக் கவனியுங்கள். எண்ணெய் விளிம்பில்தான் முதலில் மெலிகிறது, துருவும் அங்கிருந்துதான் நுழைகிறது.

கூடவே ஒரு கண்ணாடித் துண்டைச் சாய்த்துவைத்து, ஒவ்வொரு எண்ணெயிலும் ஒரு சொட்டு மேலே விடுங்கள். ஒரு மாதம் கழித்து விரலால் தொட்டால், எது வடிந்து காணாமல் போனது, எது பசையானது, எது விட்டபடியே இருக்கிறது என்று தெரியும். துருவைத் தடுத்த எண்ணெயே கண்ணாடியில் பசையாகியிருந்தால் அதைத் தள்ளிவிடலாம். இரண்டிலும் தேறியதை ஆர்மரரிடம் காட்டிப் பேசலாம்.

## கடல் தண்ணீர் பட்டுவிட்டால்

படகு ரோந்தில் இருப்பவர்களுக்கு இது எப்போதும் நடக்கக்கூடியது. துப்பாக்கியை வெறுமையாக்கி, தோட்டா இருக்கும் அறையைக் கண்ணாலும் விரலாலும் சோதித்துவிட்டு, முடிந்தவரை சீக்கிரம் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணெயை ஊற்றி வைப்பது, முன்னே சொன்னபடி, உப்பை உள்ளே வைத்துப் பூட்டுவதுதான். படகில் நல்ல தண்ணீர் கேன் இருந்தால் அங்கேயே ஊற்றலாம். நிலையத்துக்கு வந்ததும் ஆர்மரர் சொல்படி பிரித்து, மறுபடி ஓடும் நீரில் அலசி, துடைத்து, காற்றில் உலர்த்த வேண்டும். இடுக்குகளில் மிஞ்சும் நீரை வெளியேற்ற டபிள்யூடி 40 போன்றது இங்கே தன் உண்மையான வேலையைச் செய்யும். அதையும் துடைத்துவிட்டு, துருத்தடுப்பான் உள்ள எண்ணெயை மெல்லியதாகப் பூச வேண்டும். ஸ்பிரிங்குகளையும் மேகசினையும் மறக்காதீர்கள். நனைந்த தோட்டாக்களை ஒதுக்கி, தனியாகக் கணக்கில் ஒப்படைத்துவிடுங்கள்.

மறுநாள் காலையில் ஒரு முறை திறந்து, வெள்ளைச் சிந்தியால் ரெயிலையும் பேரலையும் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வந்தால் எண்ணெய் பூசி மாட்டிவிடலாம். பழுப்பாக வந்தால் உப்பு இன்னும் போகவில்லை, நல்ல தண்ணீரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.